கேட்காத சிபாரிசு

மானாம்பதி,
18.6.1979

அன்புள்ள லீலா,

இன்று உன் அண்ணனிடம் நான் சொல்லாமல் விட்டது இதுதான்: "உங்கள் தங்கையும் இதே அறையிலிருந்து புத்தகம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனவள்தான். அவள் என் சிநேகிதி." வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன்.

தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல் ஆரம்பிக்கிறேன் என்று நினைப்பாய். நம் பள்ளிக்கூடத்துக்கு இப்போது உன் அண்ணன் ஜெகநாதன்தான் தாளாளர். பழைய தாளாளர் காலமானதும் அவருடைய பிள்ளைகள் மெட்ராஸிலிருந்து வந்து நிர்வாகத்தைக் கைமாற்றிவிட்டுப் போய்விட்டார்கள். வாலாஜாபாத் அரிசி மில்லையும் பார்த்துக்கொண்டு பள்ளிக்கூடத்தையும் உன் அண்ணன் பார்த்துக்கொள்வாராம். வீட்டிலிருந்து உனக்கு எழுதியிருப்பார்கள்.

வரும்போது வெறுங்கையோடு வரவில்லை. லாரியில் நான்கு இரும்பு அலமாரிகள், கண்ணாடிக் கதவு போட்டவை, எல்லாம் அவர் சொந்தச் செலவு. நூலகத்தின் மரத் தட்டுகளைக் கரையான் தின்றுகொண்டிருந்தது உனக்குத் தெரியும். உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன், லீலா. பியூன் முனிரத்தினம் அலமாரிகளைச் சுற்றிச் சுற்றி வந்து, "கல்யாண சீரு மாதிரி கீதும்மா" என்றார். இருவருமாகப் புத்தகங்களைத் துடைத்து அடுக்கினோம். அடுக்கி முடித்துப் பார்த்தால் கடைசி அலமாரி காலி. அதுதான் வினையாயிற்று.

"இன்னா டீச்சர், இது ஏன் காலியா கீது?" என்று கேட்டார் உன் அண்ணன்.

"அந்தப் புத்தகமெல்லாம் பிள்ளைங்க வீட்ல இருக்கு சார்."

"வூட்லயா? எப்ப வரும்?"

"படிச்சு முடிச்சதும் வரும்."

"முடிக்கலன்னா?"

அவர் கோபப்படவே இல்லை. பொறுமையாகத்தான் சொன்னார். "நம்ம மில்லுல ஒரு மூட்ட வெளிய போச்சுன்னா அது எந்தக் கடைல எறங்குதுன்னு எனக்குத் தெரியும். இன்ஸ்பெக்டர் வந்து புக்கு எங்கன்னா, வூட்ல கீதுன்னு சொல்லிக்கினு நிக்க முடியுமா? கிராண்ட்டு நின்னுபூடும் டீச்சர்." வெளியே போனவை எல்லாம் வந்து சேர வேண்டும், இனி நூலக வகுப்பில் மட்டும் திறந்து, படித்து, திரும்ப வைத்துப் பூட்ட வேண்டும் என்றார். சாவிக்கொத்து தலைமையாசிரியர் பாண்டுரங்கன் சாரின் மேஜைக்குப் போய்விட்டது.

புத்தகம் ஒரு வாரத்தில் திரும்பாததற்குக் காரணம் உண்டு. காலனியில் ஒரு பிள்ளை புத்தகம் கொண்டுபோனால் அது ஒருவர் படிக்கும் புத்தகம் இல்லை. பிள்ளை உரக்கப் படிக்கும், வீடே கேட்கும், பக்கத்து வீடும் வந்து உட்காரும். நேற்று வராதவளுக்காக முதலிலிருந்து ஆரம்பிக்கும். எங்கள் காலனியில் நானும் அப்படிப் படித்துக் காட்டியவள்தானே. இதையெல்லாம் ஒரு மில் முதலாளியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

உன் பெயரைச் சொல்லியிருந்தால் சாவி கிடைத்திருக்கும். நாம் படித்த காலத்தில் அவர் மில்லிலேயே தங்கியிருந்ததால் என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அது அப்படியே இருக்கட்டும். பிள்ளைகள் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது நியாயமாக இருந்தால் அதற்காகக் கிடைக்கட்டும். நான் உனக்குத் தெரிந்தவள் என்பதற்காக வேண்டாம். நீயும் அவருக்கு ஒன்றும் எழுதிவிடாதே.

அப்பா உன்னை விசாரித்தார். அங்கே வெயில் குறைந்ததா?

உன்,
ஞானசுந்தரி

*

பிலாய்,
2.7.1979

என் சுந்தரிக்கு,

வெயில் குறைந்து புழுக்கம் வந்திருக்கிறது. இவர் இரும்பு ஆலையிலிருந்து ஷிப்ட் முடிந்து வந்தால் சட்டையைப் பிழிந்து காயப்போடலாம். பக்கத்து வீட்டு அம்மாளிடம் நான் இந்தியில் பேசுகிறேன், அவள் சிரிக்கிறாள். நேற்று வெந்தயம் கடன் கேட்டேன், கற்பூரம் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன், வேறென்ன செய்ய?

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். அண்ணனும் பள்ளிக்கூடமும்! எட்டாவதோடு நின்றவர் அவர். அப்பா போனதும் தறியை விற்றுவிட்டு மில்லில் மூட்டை எண்ணப் போய், பிறகு அதற்கே முதலாளியானார். என்னையும் தம்பிகளையும் அந்தக் கையால்தான் படிக்க வைத்தார், அதை மறக்க மாட்டேன். ஆனால் புத்தகத்தை அவர் எப்படி மதிப்பார் தெரியுமா? எங்கள் வீட்டுப் பீங்கான் கோப்பைகளை மதிக்கிற மாதிரி. துடைத்து, மேலே வைத்து, பார்த்துக்கொள்ள வேண்டும். யாரும் அதில் குடித்துவிடக் கூடாது.

என் கல்யாணத்தில்கூட "இன்னா சொல்ற?" என்று என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது வருஷத்துக்கு ஒரு கடிதம், தீபாவளிக்கு. அதில் மழை, நெல் விலை, "மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்லவும்." அவ்வளவுதான். நான் எழுதினால் மட்டும் கேட்கப் போகிறாரா? இருந்தாலும் ஒரு வரி போட்டுப் பார்க்கட்டுமா? கூடாது என்கிறாய். உனக்கு எப்போதும் இந்த வீம்பு. மிட்டாய்கூட நீயாகக் கேட்டு வாங்கித் தின்றதில்லை.

காலையில் இவர் கிளம்பினால் திரும்பி வரும்வரை தமிழில் ஒரு சொல் பேச ஆள் கிடையாது. காலண்டரைப் பிரதோஷம் அமாவாசை விடாமல் உரக்கப் படிக்கிறேன். நீளமாக எழுது.

உன்,
லீலாவதி

*

மானாம்பதி,
28.7.1979

அன்புள்ள லீலா,

நீளமாகவே எழுதுகிறேன். நல்ல செய்தி இருக்கிறது.

முதலில் நிலைமை மோசமாகத்தான் இருந்தது. நூலக வகுப்பு மணி அடித்த பிறகு முனிரத்தினம் போய்ச் சாவி வாங்கி வந்து, திறந்து, புத்தகம் கொடுத்து, யார் எங்கே உட்காருவது என்ற சண்டை தீர்வதற்குள் பாதி நேரம் போய்விடும். ஆளுக்கு நான்கு பக்கம் படித்ததும் பிடுங்கி வைக்க வேண்டும். மற்ற நேரங்களில் பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நிற்பார்கள். கதவு முழுக்க மூக்கு அடையாளம். "மூக்க வூட்ல கயட்டி வச்சுட்டு வாங்களேண்டா" என்று திட்டிக்கொண்டே முனிரத்தினம் துடைப்பார்.

பிறகு எனக்கு ஒன்று தோன்றியது. புத்தகம்தானே வெளியே போகக் கூடாது? ஒரே புத்தகத்தை எடுத்து நானே வகுப்புக்குப் படித்துக் காட்ட ஆரம்பித்தேன். கடல் நடுவில் ஒரு கலங்கரை விளக்கம். காவல்காரனும் அவன் மகளும் மட்டும் இருக்கிறார்கள். அப்பனுக்குக் காய்ச்சல், மருந்து கொண்டுவர வேண்டிய படகைக் காணோம். புயல் வருகிறது. மணி அடித்தால் அந்த வரியிலேயே நிறுத்திவிடுவேன். "ஐயோ டீச்சர்!" என்பார்கள். மூடிவிடுவேன்.

அவர்கள் அதை வாயிலேயே வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள், லீலா. எட்டாம் வகுப்பில் செங்கேணி என்று ஒரு பெண். அவள் அம்மா சிட்டம்மாள் நடவு வேலைக்குப் போகிறவள். போன வாரம் செங்கேணி என்னைத் தாழ்வாரத்தில் மடக்கினாள். "டீச்சர், எங்கம்மா கேக்குது, படகு வந்துச்சா?"

"உங்கம்மாவுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் சொன்னேன். அது நடவுல எல்லார்க்கும் சொல்லிடுச்சு. பாதிப் பேரு வரும்ங்குறாங்க. பாதிப் பேரு அப்பன் செத்துருவான்ங்குறாங்க. நடாம நின்னுக்கினு பேசறாங்கன்னு நெலத்துக்காரரு ஒரே கூச்சல்."

நேற்று நடந்ததைக் கேள். படித்துக்கொண்டிருக்கும்போது ஜன்னலுக்கு வெளியே வெள்ளைச் சட்டை தெரிந்தது. உன் அண்ணன். படிப்பதை நான் நிறுத்தவில்லை. அவரும் நகரவில்லை. மணி அடித்தது, மூடினேன். உள்ளே வந்தார்.

"ஏன் டீச்சர் நிறுத்திட்டீங்க?"

"மணி அடிச்சிடுச்சு சார்."

"மிச்சம்?"

"அலமாரியில இருக்கு சார்."

இப்படிப் பேச எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ. அவர் என்னைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார், சிரித்துவிட்டார். "ஆறாந்தேதி மீட்டிங் கீது. அதுக்கு முன்னாடி ரூமுக்கு வந்து உங்க பக்கத்த சொல்லுங்க. கேட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

'உங்க பக்கத்த' என்றார், லீலா. பள்ளிக்கூடத்துக்குப் பஸ்ஸில் போய்வரும்போதெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்க்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கீரைக்காரம்மா, "இன்னாமா, தனியா பேசிக்கினு கீற?" என்று கேட்டுவிட்டாள். ஒப்புக்கொள்ள வைக்க முடியும் என்றே தோன்றுகிறது. முடிந்ததும் முதலில் உனக்குத்தான் எழுதுவேன்.

உன்,
ஞானசுந்தரி

*

பிலாய்,
30.7.1979

என் சுந்தரிக்கு,

கோபித்துக்கொள்ள மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு மேலே படி.

அண்ணனுக்கு எழுதிவிட்டேன். நாலைந்து நாள் ஆகிறது. உன்னிடமிருந்து அப்புறம் கடிதமே வரவில்லை, நீ அங்கே பூட்டிய அலமாரிக்கு முன்னால் நிற்பது போலவே எனக்குக் கண்ணில் தெரிந்துகொண்டிருந்தது. ஒரு மத்தியானம் மளமளவென்று இரண்டு பக்கம் எழுதி, யோசித்தால் கிழித்துவிடுவேன் என்று உடனே போய்ப் பெட்டியில் போட்டேன்.

பார், பயப்படாதே, நல்லதாகத்தான் எழுதியிருக்கிறேன். அவர் கேட்காவிட்டால் நஷ்டம் ஒன்றும் இல்லை. கேட்டால் பிள்ளைகளுக்கு லாபம்.

உன்,
லீலா

*

மானாம்பதி,
6.8.1979

லீலா,

உன் கடிதம் இன்று மாலை வீட்டுக்கு வந்தபோது காத்திருந்தது. விஷயம் எனக்குக் காலையிலேயே தெரிந்துவிட்டது.

சொன்னபடி கூட்டத்துக்கு முன்னால் அவர் அறைக்குப் போனேன். "அங்க வாம்மா, எல்லார் முன்னாடியும் சொல்றேன்" என்று ஆசிரியர் அறைக்கு அழைத்துப் போனார். எல்லோரும் இருந்தார்கள். சட்டைப் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். முகம் நிறையச் சிரிப்பு.

"இன்னாமா நீ, நம்ம லீலா பிரண்டுன்னு மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? நான் யாரோன்னு நெனச்சுக்கினு கீறேன்!" பிறகு மற்றவர்களைப் பார்த்து, "எந்தங்கச்சி லெட்டர் போட்டுக்குது. வயசு இருவத்தெட்டாவுது, கல்யாணம் காட்சி இல்ல, பாவம் அந்தப் பொண்ணுக்கு அந்த லைப்ரரிய வுட்டா வேற இன்னா கீதுன்னு கேக்குது. மெய்தானே?" என்றார். என் பக்கம் திரும்பி, "இந்தா, வச்சுக்க. உன் இஷ்டம் போல பண்ணிக்க" என்றார்.

யாரும் என்னைப் பார்க்கவில்லை. பாண்டுரங்கன் சார் பேனாவைத் திறந்து மூடினார். பின்னாலிருந்து ஒரு குரல், "பெரிய எடத்து சிபாரிசுப்பா" என்றது. சிலர் சிரித்தார்கள்.

சாவியை வாங்கிக்கொண்டேன். "தேங்க்ஸ் சார்" என்றும் சொன்னேன்.

என் காரணங்களை அவர் கேட்கவே இல்லை. போன வாரம் வரை நான் 'டீச்சர், நீங்க'. இன்று 'பொண்ணு, நீ'. அவர் அன்பாகத்தான் சொன்னார், அது எனக்குத் தெரியும். அன்பாகச் சொன்னதால் பதில் பேசவும் முடியவில்லை.

எனக்கு வேறு என்ன இருக்கிறது என்று வரும் வழியெல்லாம் எண்ணிப் பார்த்தேன். இருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. இல்லாமல் போனாலும் பரவாயில்லை. என்னை உட்கார்ந்து எண்ண வைத்துவிட்டாய்.

ஞானசுந்தரி

*

பிலாய்,
19.8.1979

சுந்தரி,

உன் கடிதத்தை நான்கு பேர் இருக்கும் இடத்தில் பிரித்துவிட்டேன். படித்து முடிக்காமல் உள்ளே போய்விட்டேன்.

எழுதியது நான்தான். மறுக்கவில்லை. அண்ணன் அதைச் சபையில் படிப்பார் என்று நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டும். என் கல்யாணப் பேச்சையே பஸ் ஸ்டாண்டில் நின்று முடித்தவர் அவர்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவர் எனக்கு மறு தபாலில் பதில் போட்டார். "நீ சொன்னபடி செய்துவிட்டேன்." நான் சொன்னதை அந்த வீட்டில் ஒருவர் செய்தது இதுதான் முதல் தடவை. இவரிடம் காட்டினேன். பக்கத்து வீட்டு அம்மாளிடம்கூட காட்டினேன், அவளுக்குத் தமிழ் தெரியாது. அந்தச் சந்தோஷம் மூன்று நாள் இருந்தது. பிறகு உன் கடிதம் வந்தது.

அந்த வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். உன்னைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். இங்கே காலையிலிருந்து சாயங்காலம் வரை சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பவள் யார்? வேறு என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருப்பவள் யார்? நான்தான். அதை உன் தலையில் வைத்து எழுதிவிட்டேன்.

மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் ஒன்று கேட்கட்டுமா? சாவி உன்னிடம்தானே இருக்கிறது? பிள்ளைகள் புத்தகம் கொண்டுபோகிறார்கள்தானே? அதில் எனக்குக் கொஞ்சம்கூடச் சந்தோஷப்பட உரிமை இல்லையா?

கோபம் இருந்தால் ஒரு கார்டில் 'கோபம்' என்று மட்டும் எழுதிப் போடு. அதுவும் தமிழ்தானே, படித்துக்கொள்வேன்.

லீலா

*

மானாம்பதி,
3.2.1980

அன்புள்ள லீலா,

கார்டு போடவில்லை. அப்புறம் நீ எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடவில்லை. இத்தனை மாதத்தையும் ஒரே கடிதத்தில் எழுதிவிடுகிறேன்.

ஆம், பிள்ளைகள் புத்தகம் கொண்டுபோனார்கள். நீ சந்தோஷப்படலாம். ஆனால் சாவியைத் திருப்பும்போதெல்லாம் எனக்கு அந்த ஆசிரியர் அறைதான். செப்டம்பரில் ஒரு நாள் உன் அண்ணன் அறைக்குப் போய்ச் சாவியை மேஜைமேல் வைத்தேன்.

"இது எனக்குக் கொடுத்ததா, பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்ததா சார்?"

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா."

"ஒண்ணு இல்ல சார். நாளைக்கு எனக்கும் லீலாவுக்கும் சண்டைன்னா திரும்ப வாங்கிடுவீங்களா?"

"சண்டையா?" என்று என் முகத்தைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன்.

"நான் வேலைய விட்டுப் போயிட்டா? வர்ற டீச்சருக்கு உங்க வீட்ல யாரையும் தெரியலன்னா பூட்டிடுவீங்களா? எனக்கு இஷ்டம்னு வேணாம் சார். பிள்ளைங்க புத்தகம் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாம்னு பள்ளிக்கூடத்து ரூல் ஆக்குங்க. அப்பதான் இதை எடுத்துக்குவேன்." பிறகு, காலனியில் ஒரு புத்தகம் எப்படிப் படிக்கப்படுகிறது என்று ஜூன் மாதம் சொல்லத் தெரியாததையெல்லாம் சொன்னேன். ஒத்திகை பார்த்த மாதிரி வரவில்லை. திக்கித் திக்கித்தான் வந்தது.

அவர் முழுக்கக் கேட்டார். கடைசியில், "ரூலுன்னா எல்லார்க்கும் ரூலு. சரக்கு எடுக்கறவங்க கையெழுத்து போட்டாத்தான் மில்லுல மூட்டைய வுடுவேன். புள்ளைங்க கையெழுத்து செல்லாது. அம்மா அப்பா வந்து போடட்டும்" என்றார்.

எனக்கு மனம் சோர்ந்துவிட்டது. கூலிக்குப் போகிறவர்கள் எப்போது வருவார்கள்? ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லலாமா என்று கேட்டேன். "வரச் சொல்லுங்க. நானே வந்து குந்தறேன்" என்றார். ஒருவரும் வர மாட்டார்கள் என்று அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன்.

வந்தார்கள், லீலா. தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு வந்தார்கள். பள்ளிக்கூடத்துக்குள் அதுவரை காலே வைக்காதவர்கள் கண்ணாடி அலமாரியை எட்டி நின்று பார்த்தார்கள். சிட்டம்மாள் முதல் ஆளாக மேஜைக்கு முன்னால் வந்து, "பொட்டியப் பூட்டினவரு நீங்கதானா?" என்று உன் அண்ணனைக் கேட்டாள். முனிரத்தினம் வெளியே ஓடிவிட்டார்.

"ஆமாம்மா, நான்தான்."

"ரேக வக்கறேன். ஆனா ஒண்ணு சொல்லுங்க. படகு வந்துச்சு, சரி. அப்பனும் பொழச்சுக்கினான். அந்தப் பொண்ணு ஏன் அதுல ஏறல? அம்மாந்தூரத்துக் கடல்ல இன்னா பண்ணப்போவுது அது?"

அவர் என் பக்கம் திரும்பினார். "ஏறலியா, டீச்சர்?"

"ஏறல சார்."

"ஏன்?"

"புத்தகத்துல சொல்லல சார்."

"இன்னா புத்தகம் அது!" என்று சலித்துக்கொண்டார். மைப் பெட்டியை சிட்டம்மாள் பக்கம் நகர்த்தினார். அவளுக்குப் பின்னால் இருந்தவள், "விளக்கு யாரு ஏத்தறது, அதான் ஏறல" என்றாள். வரிசையில் அதுவே பேச்சாகிவிட்டது. மத்தியானச் சாப்பாட்டுக்கும் உன் அண்ணன் எழுந்து போகவில்லை.

விதியை நூலகக் கதவிலேயே பெயின்ட்டில் எழுதி வைத்திருக்கிறார். என் பெயர் அதில் இல்லை. எனக்கு அதில்தான் நிம்மதி.

பொங்கலுக்கு நீ வந்திருந்தாய். காணும் பொங்கலன்று பஸ் ஸ்டாண்டில் உன்னைப் பார்த்தேன். இளைத்திருக்கிறாய். நீ வளையல் கடையில் பேரம் பேசிக்கொண்டிருந்தாய், நான் எங்கள் ஊர் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். இறங்கியிருக்கலாம். பஸ் கிளம்ப வெகு நேரம் ஆயிற்று.

கோபம் தீர்ந்துவிட்டதா என்று எனக்கே தெரியவில்லை. நேருக்கு நேர் பார்த்தால் தெரிந்துவிடும் என்று தோன்றியது. பள்ளிக்கூடம் திறந்த அன்று காலை முதல் பஸ்ஸில் வந்து உன் வீட்டுக்குப் போனேன். நாம் சேர்ந்து படித்த வருஷங்களில் நான் அந்த வாசலோடு நின்றுவிடுவேன். நீயும் உள்ளே கூப்பிட்டதில்லை, நானும் அதைப் பற்றிப் பேசியதில்லை. அன்றும் வாசலில் நின்றுதான் கூப்பிட்டேன். உன் அண்ணி பார்வதி வந்தார்கள்.

"லைப்ரரி டீச்சரா? உள்ள வாங்க. லீலா விடிகாலையிலயே மெட்ராஸ் பஸ் ஏறிடுச்சே" என்றார்கள்.

உள்ளே போய் உட்கார்ந்தேன். அவர்கள் குடிக்கும் டம்ளரிலேயே எனக்கும் காபி கொடுத்தார்கள். குடித்துவிட்டு, முதல் மணி அடிப்பதற்குள் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டேன்.

ஞானசுந்தரி